லைற் எரியுது, பென் டிரைவைக் காணேல்லை

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலை மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கட்டுகிற, அதாவது கம்பைல் பண்ணுகிற, ஆட்களுக்கு ஒரு சாபம் இருக்கிறது. எல்லாம் வேலை செய்யும். வைஃபை வரும், சத்தம் வரும், பூட் ஆகிற நேரம்கூடக் குறைந்திருக்கும். சரி, தப்பினோம் என்று பென் டிரைவைச் செருகினால், அதிலுள்ள சின்ன லைற் மட்டும் மின்னும். திரையில் ஒன்றும் வராது. ஐகன் இல்லை, அறிவித்தல் இல்லை, பிழைச் செய்திகூட இல்லை. கழற்றித் திரும்பச் செருகு, மற்றத் துளையில் செருகு, வாயால் ஊதிவிட்டுச் செருகு. லைற் மின்னும். அவ்வளவுதான்.

வேலை செய்யாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது.

"வந்த கேர்னலோடு இருந்திருக்கலாமே, உனக்கேன் இந்த வேண்டாத வேலை" என்று தொடங்குகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் வீட்டு அறையொன்றில் நாதஸ்வரம், தவில், பஜனை என்று ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறவன் நான். மைக்கைக் கணினியோடு இணைக்கிற என்னுடைய ஓடியோ இன்டர்ஃபேஸ் லினக்ஸில் ஒழுங்காக ஓட வேண்டுமென்றால் அதை இயக்குகிற நிரலில், அதாவது யூஎஸ்பி ஓடியோ டிரைவரில், இரண்டு வரி சேர்க்க வேண்டும். அந்த இரண்டு வரிக்குத்தான் இத்தனை பாடு.

லினக்ஸ் விநியோகத்தோடு வருகிற கொன்ஃபிக் கோப்பை, அதாவது கேர்னலில் எது எது சேர வேண்டும் என்கிற பட்டியலை, அப்படியே வைத்துக் கம்பைல் பண்ணினால், உலகத்தில் உள்ள அத்தனை கருவிக்கும் மொட்யூல், அதாவது வேண்டும்போது கேர்னலில் ஏறுகிற டிரைவர்த் துண்டு, கட்டப்படும். என் பழைய மடிக்கணினியில் அது மணிக்கணக்கில் இழுக்கும். சித்திரை வெயிலில், மின்விசிறி கத்தக் கத்த, நடுவில் கரண்டும் போகும். அதனால் எல்லோரும் காட்டுகிற குறுக்குவழி 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' என்ற கட்டளை. 2009இல் கேர்னலின் 2.6.32 பதிப்போடு வந்தது. இந்த நிமிடம் எந்தெந்த மொட்யூல் நினைவகத்தில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதில் இல்லாததையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். கம்பைல் மளமளவென்று முடியும்.

இந்த நிமிடம்! அங்கேதான் கொள்ளி. அந்த நிமிடத்தில் பென் டிரைவ் செருகியிருக்காவிட்டால் யூஎஸ்பி ஸ்ரோரேஜ் மொட்யூல் பட்டியலில் இருக்காது. இல்லையென்றால் வெட்டு. ஒரு கேள்வி கிடையாது, "இனி உன் கணினியில் பென் டிரைவ் வேலை செய்யாது, பரவாயில்லையா" என்று ஒரு எச்சரிக்கை கிடையாது. எவனாவது கேர்னல் கம்பைல் பண்ணப்போகும் முன் பெட்டியில் கிடக்கிற பென் டிரைவ், மெமரி கார்ட், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பொறுக்கிச் செருகிவிட்டா உட்காருவான்?

வேடிக்கை என்னவென்றால் என் ஓடியோ இன்டர்ஃபேஸ் அப்போது செருகியிருந்தது. ஆகவே யூஎஸ்பி துளைகளுக்கான டிரைவர் தப்பிவிட்டது. அதனால்தான் கேர்னலின் செய்திகளைக் காட்டுகிற 'டிமெசேஜ்' கட்டளையை அடித்துப் பார்த்தால் கேர்னல் பென் டிரைவை அடையாளம் காண்கிறது. செய்த நிறுவனத்தின் பெயர் சொல்கிறது, தொடர் இலக்கம் சொல்கிறது, எந்த வேகத்தில் இணைந்தது என்பதையும் சொல்கிறது. வட்டு என்று மட்டும் சொல்லாது. ஊர், பேர், தகப்பன் பேர் எல்லாம் கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்பாட்டி வைத்திருக்கிறது.

சரி, யூஎஸ்பி ஸ்ரோரேஜைச் சேர்த்துத் திரும்பக் கம்பைல் பண்ணு. இப்போது 'மாஸ் ஸ்ரோரேஜ் கருவி கண்டறியப்பட்டது' என்று ஒரு வரி கூடுதலாக வரும். 'எஸ்டிஏ' என்ற வட்டு மட்டும் வராது. ஏன்? இன்றைக்குக் கடையில் வாங்குகிற பென் டிரைவும் உள்ளுக்குள் பேசுவது ஸ்கசி கட்டளைகளைத்தான். கணினியும் வட்டும் பேசிக்கொள்ள 1986இல் தரப்படுத்திய பாஷை அது. அதற்கு ஸ்கசி வட்டு டிரைவர் தனியாக வேண்டும். பழைய சாட்டா ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் அந்த டிரைவர் எப்படியும் ஏறியிருக்கும், தப்பிவிடும். என்னுடையதில் இருப்பது என்விஎம்ஈ என்ற புதுவகை வட்டு. அதற்கு ஸ்கசியே தேவையில்லை. ஆகவே அதுவும் வெட்டு. இந்தச் சிக்கல் கேர்னல் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். எது சேர வேண்டும் என்று டிக் போடுகிற கேர்னல் மெனுவில் யூஎஸ்பி ஸ்ரோரேஜ் இருக்கிற இடத்திலேயே "ஸ்கசி வட்டு ஆதரவும் தேவைப்படலாம்" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். தேவைப்படலாமாம்! குறிப்பு எழுத நேரம் இருந்திருக்கிறது, தானாகவே டிக் விழச் செய்ய நேரம் இருக்கவில்லை.

அதையும் சேர்த்தாயிற்று. ஃபாட்32 என்ற கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை, உள்ள பென் டிரைவ் வந்துவிட்டது. நிம்மதியாக ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்றால், கலியாண வீடியோ எடுக்கிற பெடியன் ஒருவன் கமராவிலிருந்து கழற்றிய மெமரி கார்டோடு வந்து நிற்கிறான். விடியமுதல் மேளச் சத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டும். 64 ஜிபி கார்ட். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்ட் எல்லாம் எக்ஸ்ஃபாட் கோப்பு முறைமையோடுதான் வரும். எக்ஸ்ஃபாட் 5.7 பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, கேர்னலுக்குள் முறைப்படி இருக்கிறது. என் கேர்னலில் இல்லை. அதுவும் வெட்டு! திரும்பவும் அதே மௌனம். பெடியன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, விண்டோஸ் எண்டா இப்ப முடிஞ்சிருக்கும்" என்றான். அடிக்கக் கை வந்தது. ஆனால் என்ன பதில் சொல்வது?

பழைய கேர்னலில் பூட் பண்ணித்தான் அன்றைய அலுவலைப் பார்த்தேன். அது இருந்தபடியால் மானம் போகாமல் தப்பியது. புதிய கேர்னலை நிறுவுகிற உற்சாகத்தில் பழையதை அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

செருகிய வட்டு தானாக மௌண்ட் ஆகிறது, அதாவது அதன் கோப்புகள் கைக்கு எட்டுகின்றன, என்று நாங்கள் சொல்வது ஒரு ஆள் செய்கிற வேலையே இல்லை. கேர்னல் வட்டைக் கண்டுபிடித்து, கருவிகளைக் கவனிக்கிற யூடெவ்வுக்குச் சொல்ல வேண்டும். யூடெவ் அதில் என்ன கோப்பு முறைமை என்று பார்த்து, வட்டுகளைக் கையாள்கிற யூடிஸ்க்ஸுக்குச் சொல்ல வேண்டும். டெஸ்க்ரொப் யூடிஸ்க்ஸைக் கேட்க வேண்டும். யூடிஸ்க்ஸ், இந்த ஆளுக்கு அனுமதி உண்டா என்று போல்கிட்டைக் கேட்க வேண்டும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றவை வாயே திறப்பதில்லை. கார்டில் இருப்பது எக்ஸ்ஃபாட் என்று யூடெவ்வுக்குத் தெரியும், கேர்னலில் எக்ஸ்ஃபாட் இல்லை என்று கேர்னலுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து "உன் கேர்னலில் இது இல்லை" என்று எனக்கு ஒரு வரி காட்ட எவருக்கும் மனம் வரவில்லை.

அறிவுரை சொல்கிறவர்கள் அதற்கு மேல். யூடெவ் விதி எழுது, அதற்குள் மௌண்ட் கட்டளையைப் போடு என்பார்கள். யூடெவ்வின் கையேட்டிலேயே அப்படிச் செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறது. மற்றச் சேவைகளையெல்லாம் தொடக்கி வைக்கிற சிஸ்டெம்டி உள்ள கணினியில் யூடெவ் தனக்கென்று ஒரு தனி உலகத்தில் ஓடுகிறது. அங்கே மௌண்ட் பண்ணினாலும் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் சிலர், கருவிகளைக் கவனிக்க முன்பு இருந்த ஹால் என்ற சேவையை மீள இயக்கிப் பார் என்கிறார்கள். ஹால் 2010 வாக்கிலேயே பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டது ஐயா!

"மினக்கெடாமல் ரூட்டாகக் கையால் மௌண்ட் பண்ணு" என்பது அடுத்தது; ரூட் என்றால் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். பண்ணினேன். உள்ளே எழுத அனுமதி இல்லை, எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தம். அதைவிடக் கொடுமை, கோப்புப் பெயர்கள். ஃபாட்32ஐப் படிக்கிற விஃபாட் டிரைவருக்கு, யூனிகோட் எழுத்து முறையான யூடிஎஃப்8 என்று சொல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகிவிடும். 'நல்லூர்' என்று நான் பெயர் வைத்த கோப்புறை ஏழு கேள்விக்குறியாக நிற்கிறது. நாங்கள் எண்ணினால் நான்கு எழுத்து, யூனிகோட் புள்ளியையும் ஊகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் ஏழு. திறக்கவும் முடியாது. யூடிஸ்க்ஸ் வழியாக மௌண்ட் ஆகும்போது இந்த யூடிஎஃப்8 விஷயத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆகவே கையால் பண்ணு என்று இலேசாகச் சொல்கிறவர்கள் தங்கள் கோப்புக்கு ஒரு தமிழ்ப் பெயர்கூட வைத்ததில்லை என்பது என் முடிவு.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது, அதுதான் ஆத்திரத்தைக் கூட்டுகிறது. லோக்கல்மொட்கொன்ஃபிக்குக்கு 'எல்எம்சி கீப்' என்று ஒரு மாறி உண்டு. கேர்னல் மூலநிரலின் எந்தெந்த அடைவுகளில் கைவைக்காதே என்று அதில் எழுதலாம். யூஎஸ்பி டிரைவர் அடைவு, ஸ்கசி டிரைவர் அடைவு, கோப்பு முறைமைகளின் 'எஃப்எஸ்' அடைவு மூன்றையும் போட்டால் இந்தத் தலையிடி இல்லை. கம்பைல் நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும். கேர்னல் ஆவணத்தில் தரும் உதாரணத்தில் யூஎஸ்பி இருக்கிறது, கிராஃபிக்ஸ் இருக்கிறது, எஃப்எஸ் இருக்கிறது. ஸ்கசி இல்லை! அதைப் பார்த்து அப்படியே எழுதுகிற என்விஎம்ஈக்காரன் திரும்பவும் மின்னுகிற லைற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இப்போது எல்லாம் சேர்த்துக் கட்டியாயிற்று. ஃபாட்32 வருகிறது, எக்ஸ்ஃபாட் வருகிறது, விண்டோஸ்காரர்களின் என்டிஎஃப்எஸ் ஹார்ட் டிஸ்க்கும் வருகிறது. நேற்று கனடாவிலிருந்து வந்த அத்தான், பிள்ளையின் அரங்கேற்ற வீடியோவை அப்பிள் கணினியில் போட்டு ஒரு டிஸ்க்கில் கொண்டுவந்து, "தம்பி, இதின்ரை சத்தத்தை ஒருக்காச் சரிபண்ணித் தாரும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது அப்பிளின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை. கேர்னல் மெனுவில் அதற்கு டிக் போட ஒரு பெட்டியே கிடையாது. பிள்ளையிடம் சொல்லி வேறு பென் டிரைவில் ஏற்றித் தரட்டும். நான் அதைத் தொடமாட்டேன்.