ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது

“ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர்தான் முடித்து அனுப்ப வேண்டும், அதுதான் அரசு விதி” என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொன்னது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையிலும் அதே நிலைதான். 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.

சரி, மூன்றாம் வகுப்புக்கு அப்புறம்? பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள், கையிலிருந்து பென்சிலை மட்டும் வாங்காதீர்கள். போன வாரம் என் மகள் 52-இல் 17-ஐக் கழித்து 45 என்று எழுதினாள். கை துறுதுறுத்தது, திருத்தவில்லை. கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று மறுநாள் டீச்சர் அந்த 45-ஐப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.