உடைந்த குழாயை யாரிடம் சொல்வது?

ஏற்காட்டில் எங்கள் தெருமுனைக் குழாய் உடைந்து பதினெட்டு நாளாகிறது. தண்ணீர் சில்வர் ஓக் மரத்தடியில் வழிந்து, காப்பித் தோட்டத்து வேலிவரை சேறு. மேல்வீட்டு அத்தை காலையில் இரண்டு குடத்தோடு ஊற்றுக்கு இறங்கி ஏறுகிறார். முழங்கால் வலி வேறு அவருக்கு.

முன்பென்றால் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். திட்டுவோம், அவரும் திட்டுவார், சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும். 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அப்புறம் அரசு நியமித்த தனி அலுவலர். அவர் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள், எங்கள் குழாய் எங்கே ஞாபகம் இருக்கும்? மனு கொடுத்தேன், "பார்க்கிறோம்" என்றார்கள்.

ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவே சொல்கிறது. 2016-லும் இப்படித்தான், மூன்று வருஷத்துக்கு மேல் தலைவரே இல்லை. டெல்லி எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று சென்னை கேட்பது நியாயம்தான், நானும் கூடவே கேட்பேன். ஆனால் அதே நியாயம் மலைமேல் ஏறி வர வேண்டாமா? ஊராட்சிகளுக்கான பணிகளைச் சொல்லும், அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் குடிநீரும் ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊரில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் வேண்டும்.

நேற்று பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாயில் இறுக்கிக் கட்டினேன். காலையில் பார்த்தால் மறுபடி ஒழுகுகிறது.