ஸ்டோர் ரூமில் ஒரு மாப்பிள்ளை

மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு. மெல்லிசைக் குழு மேடையேறி அரை மணி நேரம் ஆகிறது. சமையற்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூமில், வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் சரவணன் உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. மைத்துனன் பாலா தேடிக்கொண்டு வருகிறான்.

பாலா: மச்சான்! மச்சான்! (தோளைத் தொடுகிறான்.)

சரவணன்: (துள்ளி எழுந்து) ஏண்டா மாப்ள, ஒரு செருமல் செருமிவிட்டு வரக்கூடாதா? இனி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இந்த நெஞ்சு இப்படியே அடித்துக்கொண்டிருக்கும்.

பாலா: நாலு தடவை கூப்பிட்டேன். காதில் என்ன, மிட்டாயா?

சரவணன்: இயர் பிளக். போனில் ஆப் வைத்து அளந்தேன், கச்சேரி 100 டெசிபலைத் தொடுகிறது. 85 என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாமாம், அதற்கு மேல் மூன்று மூன்றாக ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும், கணக்குப் போட்டுப் பார், 100-க்குக் கால் மணி நேரம்தான்.

பாலா: அப்பத்தா முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறது.

சரவணன்: அப்பத்தாவுக்கு எப்போதோ போய்விட்டது.

பாலா: உங்களுக்கும் போய்விட்டது என்றுதான் உள்ளே பேச்சு. அந்த ஆரஞ்சைக் காது மெஷின் என்று நினைத்துவிட்டார்கள். "பெண் பார்க்க வந்த அன்றைக்கு நன்றாகத்தானே கேட்டது, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களோ" என்று பெரியம்மா மூக்கைச் சிந்துகிறார். சமயபுரத்தில் வெள்ளிக் காது ஒரு ஜோடி வாங்கி உண்டியலில் போடச் சொல்லி அத்தை அக்காவிடம் சொல்லியாகிவிட்டது.

சரவணன்: அப்படியே இருக்கட்டும், மறுக்காதே. செவிடனிடம் எவனும் வந்து சம்பளம் எவ்வளவு, ரெண்டாவது குழந்தை எப்போது என்று கேட்கமாட்டான்.

பாலா: நிஜமாகவே கேட்கிறேன் மச்சான், உங்களுக்கு என்னதான் பிரச்சினை?

சரவணன்: பிரச்சினை இல்லை, சுபாவம். அமெரிக்காவில் எலைன் ஏரன் என்று ஒரு உளவியல்காரம்மா 1990-களில் இதற்கு 'ஹைலி சென்சிட்டிவ் பர்சன்', அதாவது எதுவும் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கிற ஆள் என்று பேர் வைத்து, 27 கேள்வி தயாரித்தார். சத்தம் தொந்தரவா, காபி குடித்தால் படபடப்பா, அடுத்தவர் மூட் உனக்கும் ஒட்டிக்கொள்கிறதா, இப்படிப் போகும். நூற்றுக்கு 15, 20 பேர் இப்படித்தான் என்பது அவர் கணக்கு.

பாலா: அப்படிப் பார்த்தால் இந்த மண்டபத்தில் 600 பேருக்கு 90 பேராவது இருக்க வேண்டுமே, எங்கே?

சரவணன்: பார்க்கிங்கில் போய்ப் பார்.

(இது ஓரளவு உண்மை. வண்டிகளுக்கு நடுவே நாலைந்து பேர் போனையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். சிகரெட் பிடிக்கிறவர்கள் என்று பாலா நினைத்திருந்தான்.)

பாலா: சரி, பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதுவரைக்கும் தாங்குங்கள்.

சரவணன்: 2000-ஆம் வருடத்து விதி. படித்தேன். கதவு மூடிய மண்டபத்துக்கு விலக்கு இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கும் தூங்கவில்லை.

பாலா: நீங்கள் எதற்குத்தான் தூங்கியிருக்கிறீர்கள்?

சரவணன்: 2014 தீபாவளிக்கு உன் பெரியப்பா என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை முகமே சரியில்லையே" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார்?

பாலா: மச்சான், அன்றைக்கு அவர் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

சரவணன்: (நீண்ட அமைதி) இதை அப்போதே சொல்லியிருக்கலாமே.

பாலா: சட்டைக் காலரை ஏன் இழுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்?

சரவணன்: லேபிள் குத்துகிறது என்று வெட்டினேன். இப்போது வெட்டின இடத்தில் மிச்சமிருக்கிற ரெண்டு நூல் குத்துகிறது. லேபிளே தேவலை.

பாலா: எப்படித்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வந்து போகிறீர்கள்?

சரவணன்: சொந்த வண்டி, சாவி என் பையில். வேன் பிடித்து எல்லோரும் சேர்ந்து போகலாம் என்றால் எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். வந்ததும் மூலை நாற்காலி, கூட்டம் சேருவதற்கு முன்பே மொய், முதல் பந்தி. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி எங்காவது ஐந்து நிமிடம். மறுநாள் லீவு, அதை உன் அக்காவிடம்கூடச் சொல்வதில்லை, ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பிப் போய் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துவிடுவேன். அது கிடக்கட்டும், பெண்ணின் தாய்மாமன் இன்னும் சாப்பிடவில்லை, போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா.

பாலா: அவர் சிரித்துப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்?

சரவணன்: சிரிக்கிறார். ஆனால் கையில் வாங்கின வெற்றிலையைப் போடாமல் நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருக்கிறார், காலுக்குக் கீழே பார், ஒரு குவியல் கிடக்கும். முதல் பந்திக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள், அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

பாலா: (தலையைச் சொறிகிறான்) கூப்பிடுகிறேன். அப்புறம், நான் வந்த விஷயம் வேறு. அப்பாதான் அனுப்பினார்.

சரவணன்: குரூப் போட்டோவா? அந்த ஃபோகஸ் லைட்டுக்கு முன்னால் நான் நிற்கமாட்டேன்.

பாலா: போட்டோ இல்லை. பாயசம். கடைசிப் பந்திக்கு இருபது லிட்டர் பால் அடுப்பில் இருக்கிறது. திரிகிற மாதிரி வாடை வருகிறது என்று அப்பா சொல்கிறார், மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முறைக்கிறார். "பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு, அவர் மூக்கு சொல்லட்டும்" என்றார் அப்பா.

சரவணன்: காலையில் என்னை "தொட்டாற்சிணுங்கி" என்றவரும் அவர்தானே?

பாலா: வீட்டில் பால் பாக்கெட்டை வெட்டினதும் அக்கா உங்கள் மூக்குக்கு நேரேதானே நீட்டுகிறது? எழுந்து வாருங்கள். ஹால் வழியே வேண்டாம், கை கழுவுகிற இடத்தைச் சுற்றிப் போகலாம்.

சரவணன்: வரத் தேவையில்லை. பால் திரியவில்லை.

பாலா: அப்பாடா.

சரவணன்: அடிப்பிடிக்கிறது. கால் மணி நேரமாக.

பாலா: கால் மணி நேரமாகவா? ரெண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு ஏன் மச்சான் சொல்லவில்லை?

சரவணன்: ரெண்டு தடவை எழுந்தேன். பத்துப் பேருக்கு முன்னால் சொன்னால் மாஸ்டர் மனசு கஷ்டப்படுமே என்று...

(பாலா ஓடுகிறான்.)

சரவணன்: (பின்னாலிருந்து) மாப்ள, நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே! எனக்குத்தான் காது கேட்காதே!