அந்த முத்துக் காதணி வெறும் ஆடம்பரம் இல்லை

"முகலாய ஆண்கள் எப்போதும் காதில் முத்து போடுவார்கள், அது பணத்திமிர்" என்று முகலாய ஓவியங்களைப் பார்த்துச் சிலர் சொல்வது தவறு. 1614-ல் அஜ்மீரில் இருந்தபோது முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு உடல்நலம் கெட்டது. அங்கே அடக்கமான சூஃபி ஞானி க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தியின் அருளால்தான் பிழைத்தேன் என்று நம்பி, அவருக்கு அடிமை என்பதன் அடையாளமாகக் காது குத்திக்கொண்டார். இதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். அதைப் பார்த்து அரசவையினரும் குத்திக்கொண்டார்கள். ஜஹாங்கீருக்கு முன்பு, அக்பர் காலத்துச் சிற்றோவியங்களில் மன்னர் காதில் முத்தைக் காண்பது அரிது. அதனால்தான் ஜஹாங்கீர் படத்துக்குக் காலம் கணிக்கும்போது காது மடலையும் பார்க்கிறார்கள். பக்தியைச் சொல்லும் ஒரு பொருளைத் திமிர் என்று தள்ளிவிட்டால் படத்தின் பாதி அர்த்தம் போய்விடும்.

அப்புறம், இந்த ஓவியங்களில் ஜாமா என்ற நீண்ட அங்கி அணிந்தவர் எல்லாரும் முஸ்லிம்கள் என்று நினைப்பதும் சரியில்லை. ராஜபுத்திரர்களும் அதே அங்கியைத்தான் அணிந்தார்கள். படத்தைப் பெரிதாக்கி அக்குள் பக்கம் உள்ள நாடா முடிச்சைப் பாருங்கள்: பொதுவாக முஸ்லிம்களுக்கு வலப்பக்கம், இந்துக்களுக்கு இடப்பக்கம். விரல் நகம் அளவே உள்ள அந்த முடிச்சைக்கூட ஓவியர்கள் கவனமாகத் தீட்டியிருக்கிறார்கள்.