சிசேரியன் என்றால் தோல்வியா?

இன்னொரு கர்ப்பகால வழிகாட்டிப் புத்தகம், மறுபடியும் அதே எரிச்சல். சுகப்பிரசவத்துக்கு நாற்பது பக்கம்: மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, பெரிய பந்தின் மேல் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண். சிசேரியனுக்கு ஒன்றரைப் பக்கம், அதுவும் 'தவிர்ப்பது எப்படி' என்ற தலைப்பில்! நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் எந்த மூச்சுப் பயிற்சி அதை நகர்த்தும்? குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வந்துவிட்டால் மனதைரியம் என்ன செய்யும்?

அப்புறம் வலி. 'முடிந்தவரை தாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். எதற்குத் தாங்க வேண்டும்? பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்று யாராவது சொல்கிறார்களா? வலி குறைக்கக் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் செலுத்தும் மருந்து) தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. அது ஏன் இந்தப் பக்கங்களில் இல்லை?

என் தோழி அறுவை முடிந்த மூன்றாம் நாள், ஒரு கையால் தையலை அழுத்திப் பிடித்தபடி கட்டிலிலிருந்து எழுந்தாள். "என்னால முடியலையே" என்று அழுதாள். வலிக்காக அழவில்லை. பக்கத்தில் குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் எதில் தோற்றாள்? அந்த எண்ணத்தை அவள் தலையில் ஏற்றியது யார்? அந்த நாற்பது பக்கம்தான்.