கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு

திரவங்கள் மிதப்பது, மூழ்குவது பற்றிய ஒரு கட்டுரையில் 'கெட்டியான (எளிதில் ஓடாத) திரவம் தண்ணீரில் மூழ்கும்' என்று எழுதியிருப்பது தவறு. விளக்கெண்ணெய் நீரைவிடப் பல நூறு மடங்கு கெட்டி. ஆனால் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.96 கிராம்தான் (நீருக்கு 1), அதனால் மிதக்கும். தண்ணீர் போலவே ஓடும் குளோரோஃபார்மோ 1.49, அடியில் போய் நிற்கும். தேன் (சுமார் 1.4) மூழ்குவதும் கெட்டியாக இருப்பதால் அல்ல, அதில் சர்க்கரை 80 சதவீதம் இருப்பதால். கலக்கிவிட்டால் கரைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

சோதிக்க: மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 50 மி.லி. ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெயின் அடர்த்தி (0.92) இந்த ஆல்கஹாலைவிட அதிகம் என்பதால் மூழ்கும். பிறகு தண்ணீரை டம்ளரின் உட்சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஆல்கஹாலின் அடர்த்தி கூடி, ஒரு கட்டத்தில் எண்ணெய் உருண்டையாகி நடுவில் தொங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் உருண்டை சிதறிவிடும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், அருகில் அடுப்பு எரியக் கூடாது.