பூங்காவுக்கு வராதவர்களிடம் யார் கேட்பது?

எங்கள் பக்கத்துப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். என்னென்ன வேண்டும் என்று கேட்டு வீட்டுக்கு வீடு ஒரு படிவம் வந்தது. நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள், புல்தரை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு இடம் என்று பன்னிரண்டு கட்டங்கள். டிக் அடிப்பதற்குக் காசா, பணமா? நானும் ஒன்பதில் அடித்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. பூங்காவுக்கு வருகிறீர்களா, வராவிட்டால் ஏன் வருவதில்லை என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. நானே போய் ஆறு மாதம் இருக்கும்.

சரி, படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஒரு சாயங்காலம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்கே பார்த்த மாதிரி ஆறு இரும்பு பெஞ்சுகள். ஐந்தரை மணிக்கும் தொட்டால் சுடுகிறது. ஒருவரும் இல்லை. இருந்த கூட்டமெல்லாம் தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமென்ட் திண்டில்தான். விளிம்பு உடைந்து கம்பி வெளியே தெரிகிறது. ஒரு அம்மா அந்தக் கம்பி மேல் பையை வைத்து மறைத்துவிட்டுப் பேத்தியை உட்கார வைத்தார். புதுப்பிக்கும் பட்டியலில் இந்தத் திண்டை இடிப்பதும் இருக்கிறது. அழகாக இல்லையாம்.

இன்னொன்று. வாசலிலிருந்து கழிப்பறைக்குக் கல் பதித்த நடைபாதை வளைந்து வளைந்து போகிறது. ஆனால் புல்லுக்கு நடுவே நேராக ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. அதை மறிக்க இடுப்பளவுக்குச் செடி வைத்திருக்கிறார்கள். செடிக்கு இரண்டு பக்கமும் இப்போது ஒவ்வொரு தடம். அவசரத்தில் போகிறவனை வளைத்து நடக்கவிட்டால் என்ன செய்வான், பாவம்! எந்தப் படிவத்தையும்விட அந்தத் தடம்தான் மக்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறது. அதன் மேலேயே கல்லைப் பதித்துவிட்டால் வேலை முடிந்தது.

இப்படி உட்கார்ந்து பார்ப்பதையே வேலையாகச் செய்த ஒருவர் உண்டு. வில்லியம் வைட் என்ற அமெரிக்கர். 1970களில் நியூயார்க்கின் பொதுவெளிகளைக் கேமராவில் எடுத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுத்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டுபிடித்த முக்கியமான விஷயம். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எத்தனை பூங்காவில் இது நடக்கிறது? நகர்த்தக்கூடிய நாற்காலி போட்டால், நகர்த்த அவசியமே இல்லாவிட்டாலும் ஓரிரு அங்குலம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறார்கள் என்பதையும் கவனித்தார். அந்த ஊரின் பிரையன்ட் பூங்கா அப்போது போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. வேலியும் புதரும் மறைத்ததால் தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. புதரை வெட்டுங்கள், வாசல்களைத் திறந்துவிடுங்கள் என்றார். பூங்காவை மூடிப் புதுப்பித்து 1992இல் மீண்டும் திறந்தபோது நகர்த்தும் நாற்காலிகளும் வந்தன. இன்று அங்கே நல்ல கூட்டம்.

வராதவர்களைப் பற்றி யோசித்த ஊர் வியன்னா. பத்து வயதை ஒட்டிப் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது குறைந்துபோவதை 1990களில் அங்கே ஆய்வு செய்து கவனித்தார்கள். திறந்த மைதானம் ஒன்றுதான் இருந்தால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் சண்டைக்கு நிற்காமல் விலகிவிடுகிறார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றிப் பார்த்தார்கள். நடைபாதை போட்டார்கள், மைதானத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தார்கள், வாலிபால், பேட்மின்டன் ஆட இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தைப் பதின்மூன்று வயது மகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று அவளிடம் கேட்டேன். “அங்கே போய் நான் என்ன பண்றது? கிரிக்கெட் பால் பொறுக்கிப் போடவா?” என்றாள்.

புல்தரை விஷயத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். கொளுத்தும் வெயிலில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும், ஆயிரம் சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். படம் எடுக்கும் நாளில் மட்டும் பச்சையாக இருக்கும். அதைவிடப் பெரிய கவலை, மரத்தடி வரைக்கும் கல் பாவும் திட்டம். நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன. அந்த மண்ணை இறுக்கி மூடிவிட்டால் மரம் உடனே சாகாது, சில வருடம் கழித்துக் கிளை கிளையாகக் காயும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நீரூற்றைப் பற்றி என்ன சொல்ல? மோட்டார் ஓடும்வரை நீரூற்று, அப்புறம் கொசுத்தொட்டி. வண்ண விளக்குக்குப் பதில் நடைபாதையில் ஆள் முகம் தெரிகிற அளவு வெளிச்சமும், பூட்டாத கழிப்பறையும் போதும். பெண்களும் வயதானவர்களும் தானாக வருவார்கள்.

கிளம்பும்போது தோட்டக்காரரிடம் படிவம் வந்ததா என்று கேட்டேன். அவர் வீடு வேறு பகுதியில், அதனால் அவருக்குத் தரவில்லையாம். எந்தக் குழாய் கசிகிறது, எந்த மூலையில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்தச் செடியை ஆடு கடிக்காது என்று பத்து நிமிடம் சொன்னார். பொழுது சாய்ந்து தூங்குமூஞ்சி இலை மடிக்கத் தொடங்கியிருந்தது. திண்டில் கூட்டம் கலையவில்லை.

“இடிக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லச் சொல்லுங்க சார். மதியம் நானும் அங்கதான் படுக்கிறது” என்றார்.

புதுப் படிவம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு அவரிடம் கொடுக்க வேண்டும்.